மேசைமேற் களமும் திருகோணமலையின் மெய்க்களமும்
பண்டைப் போர் விளையாட்டுகள் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

பண்டைக்காலப் போர்களை மேசையொன்றின்மீது சிறு உருவங்களாலும் அட்டைத் துண்டுகளாலும் மீள நடத்திப் பார்க்கும் விளையாட்டு, மேனாடுகளில் ஓர் அறிவுத்துறைக்குரிய ஒழுங்குடன் வளர்ந்துள்ளது. நிலத்தின் மேடுபள்ளங்கள் மேசையில் அமைக்கப்படுகின்றன. படைக்கூறுகள் குறித்த அளவின்படி நகர்த்தப்படுகின்றன. மோதலின் முடிவை விதிநூலும் பகடையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இதனைச் சிறுவர் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுவோரும் உளர். போர்வெறியை வளர்ப்பதெனக் கண்டிப்போரும் உளர். இரு சாராரும் இவ்விளையாட்டு வரலாற்று மூலங்களை வாசிக்கும் ஒரு முறையாகவும் இருக்கிறது என்பதைக் கருத்திற் கொள்வதில்லை. அவ்வாசிப்பின் பயனையும் குறையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உரைகல்லாகத் திருகோணமலைத் துறைமுகப் பிரதேசம் கொள்ளப்படுகிறது. பாண்டியரது கொடி முதல் யப்பானியரது விமானம் வரை பல படைகளைக் கண்ட இப்பிரதேசத்தில், பண்டைப் போர் பற்றிய கதைகள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. அண்மைக் காலத்து மெய்ப்போரிலும் அவை பங்கு கொண்டன.

1. விளையாட்டின் வரலாறு

போரைப் பலகையில் ஆடும் வழக்கம் நமக்குப் புதியதன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட சதுரங்கம் இந்திய மண்ணிற் பிறந்தது. தமிழில் அதற்கு ஆனைக்குப்பு என்னும் பழம் பெயரும் உண்டு. யாழ்ப்பாணத்தார் நாயும் புலியும் என்றும் தமிழகத்தார் ஆடுபுலி ஆட்டம் என்றும் வழங்கும் விளையாட்டு வேறொரு வகையினது. சதுரங்கத்தில் இரு தரப்பும் எண்ணாலும் வலியாலும் சமமானவை. ஆடுபுலியிலோ மூன்று புலிகளை எதிர்த்துப் பதினைந்து ஆடுகள் நிற்கின்றன. ஒரு தரப்பு வெட்டி வெல்லும், மறு தரப்பு வளைத்து வெல்லும். சமமற்ற வலிமைகளுக்கிடையிலான மோதலை நாட்டார் அறிவு எத்துணைத் துல்லியமாக உணர்ந்திருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

ஆயினும் இவை எக்குறிப்பிட்ட போரையும் சுட்டுவன அல்ல. ஒரு குறிப்பிட்ட நிலத்தில் ஒரு குறிப்பிட்ட படையை நடத்திப் பார்க்கும் முறை பிரசிய இராணுவத்தில் உருவானது. றைஸ்விற்ஸ் என்பார் 1812இல் பிரசிய மன்னனுக்கு ஒரு போர் மேசையைச் செய்தளித்தார். அவருடைய மகன் 1824இல் அதனைத் திருத்தமான விதிகளுடன் வெளியிட்டார். படை அதிகாரிகளின் பயிற்சிக் கருவியாக விளங்கிய இதனைப் பொதுமக்களின் விளையாட்டாக்கியவருள் முதன்மையானவர் நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ். 1913இல் வெளியான அவரது சிறிய போர்கள் என்னும் நூல், பொம்மைப் போரில் ஈடுபடுவோருக்கு மெய்ப்போரின் மூடத்தனம் விளங்கும் என்ற நம்பிக்கையுடன் முடிகிறது. அடுத்த ஆண்டிலேயே முதலாம் உலகப்போர் மூண்டது. விளையாட்டு போரைத் தடுக்கும் என்ற நம்பிக்கை எத்துணை மெலிந்தது என்பதை இதனைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

பண்டைப் போர்களுக்கெனத் தனி விதிகளை வகுத்தோருள் முன்னோடி இங்கிலாந்தைச் சேர்ந்த ரோனி பாத் ஆவார். 1965இல் பண்டைப்போர் ஆர்வலர்களின் சங்கம் அங்கு நிறுவப்பட்டது. 1969இல் பில் பாக்கரும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய ஆய்வுக்குழு, ஒவ்வொரு பண்டை நாட்டின் படையும் எவ்வகைப் போராளரை எவ்விகிதத்திற் கொண்டிருந்தது என்பதைத் தொகுத்துப் படைப் பட்டியல்களை வெளியிட்டது. 1990இல் வெளிவந்த அவர்களது சுருக்க விதிநூல், ஒவ்வொரு தரப்பையும் பன்னிரண்டு படைக்கூறுகளாகக் குறுக்கியது. அதன்படி ஒவ்வொரு முறையிலும் தளபதி முதலிற் பகடை உருட்டுகிறான். விழும் எண்ணளவுக்கே அவனது கட்டளைகள் செல்லும். பன்னிரண்டையும் நகர்த்த விரும்புபவனுக்கு இரண்டை மட்டுமே நகர்த்த முடியலாம். தளபதியின் எண்ணத்துக்கும் களத்தின் நடப்புக்கும் இடையிலுள்ள தூரத்தை இவ்வெளிய விதி காட்டிவிடுகிறது. 2007இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் பிலிப் சபின் வெளியிட்ட இழந்த போர்கள் என்னும் நூல், மூலங்கள் அரைகுறையாகக் கூறும் பண்டைப் போர்களைப் பொதுவான ஒரு விதித்தொகுதியின் வாயிலாக ஒப்பிட்டுப் புனரமைக்க முயன்றது. அந்நூலுடன் இவ்விளையாட்டு ஆய்வுமுறை என்ற தகுதியை வெளிப்படையாகக் கோரத் தொடங்கியது எனலாம்.

2. விதி என்னும் கூற்று

இவ்விளையாட்டில் ஒவ்வொரு விதியும் வரலாறு பற்றிய ஒரு கூற்றாகும். யானைப்படை எறிபடைக் காலாட்களின் முன் நிலைகுலையக்கூடும் என்று ஒரு விதி கூறுமாயின், அது பண்டைப் போர் பற்றிய ஒரு முடிவு. அம்முடிவு மூலங்களுக்கு ஒவ்வுமா என்று கேட்கலாம். ஒவ்வாதெனின் விதியைத் திருத்தலாம். உரைநடையில் எழுதும் வரலாற்றாசிரியர் பெரும்படை பொருதது என்று எழுதி அப்பாற் செல்ல முடியும். மேசையின்முன் அமர்ந்தவர்க்கு அவ்வசதி இல்லை. எத்தனை பேர், எங்கு நின்றனர், எவ்வழியே வந்தனர், எதை உண்டனர் என்பவற்றுக்கு அவர் விடை கூறியாக வேண்டும். விடை இல்லையெனின், இல்லை என்பதாவது அவருக்குத் தெரிந்துவிடும்.

யேர்மானிய வரலாற்றாசிரியர் ஹான்ஸ் டெல்புறூக் மேசை விளையாட்டு ஆடியவர் அல்லர். எனினும் அவரது விமரிசன முறை இதனோடு உறவுடையது. செர்க்சசின் படை பற்றி எரொடோட்டசு கூறிய பேரெண்களை அவர் சாலையின் நீளத்தோடு வைத்து நோக்கினார். அத்துணைப் பெரும்படை அணிவகுத்துச் சென்றிருப்பின், அதன் தலை கிரேக்கத்தின் தெர்மோப்பிலேயை அடையும்போது வால் பாரசீகத்தின் சூசா நகரை விட்டே நீங்கியிராது என்று காட்டினார். நிலம் நூலைத் திருத்தியது. இத்தகைய திருத்தத்தை ஈழத்து வரலாற்று நூல்கள் போதியளவு பெறவில்லை.

மகாவம்சத்தின் துட்டகைமுனு காதையை இவ்வகையில் நோக்குவோம். முப்பத்தேழு அதிகாரங்களைக் கொண்ட அந்நூல், இருபத்திரண்டாவது முதல் முப்பத்திரண்டாவது வரை பதினோர் அதிகாரங்களை ஓர் அரசனுக்கே ஒதுக்குகிறது. அதற்கு முற்பட்ட தீபவம்சமோ சில பாக்களுடன் அமைகிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் நிகழ்ந்ததாகக் கருதப்படும் போர், ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகளின் பின்னரே விரிவான காப்பியமாயிற்று. இடையில் வளர்ந்தது யாது என்பதே ஆய்வாளர் எழுப்ப வேண்டிய வினா. 1979இல் ஆர். ஏ. எல். எச். குணவர்த்தனவும் 1984இல் டபிள்யூ. ஐ. சிறிவீரவும் வெளியிட்ட ஆய்வுகள், பிற்கால இனவுணர்வைக் கொண்டு இக்காதையை வாசிப்பதன் பொருந்தாமையைச் சுட்டிக்காட்டின.

இக்காதையை மேசைக்குக் கொண்டுவர முயல்பவர் உடனடியாகச் சில இடர்ப்பாடுகளை எதிர்கொள்வார். போர் எல்லாளனுடன் தொடங்கவில்லை. துட்டகைமுனுவுக்கும் அவன் தம்பி சத்தாதீசனுக்கும் இடையிலான போரிற் பல்லாயிரவர் மாண்டதாக மகாவம்சமே கூறுகிறது. அதன் பின்னர் அவன் முப்பத்திரண்டு தமிழ் மன்னரை வென்றான் என அது கூறுவதை ஏற்பின், அவனுக்கு எதிரே நின்றது ஒரே தலைமையின் கீழ் அமைந்த ஒரே படையன்று எனக் கொள்ளவேண்டும். அவனது பத்து வீரருள் ஒருவனான நந்திமித்தன், எல்லாளனின் சேனாபதியான மித்தனின் சகோதரி மகன் என்பதும் அந்நூலின் கூற்றே. விசிதபுர முற்றுகை நான்கு மாதம் நீடித்தது. வாயிலை முட்டிய கண்டுலன் என்னும் யானையின்மீது உருகிய கீல் ஊற்றப்பட, அது நீரில் இறங்கித் துடித்தது. மருத்துவம் பெற்றுக் கவசம் பூண்டு மீண்டும் வந்தது. இச்செய்திகளை ஒரு படை அடவாக எழுத முற்பட்டால், இரு இனங்களின் பெருமோதல் என்ற பிற்காலச் சித்திரம் கலைந்து, பல தலைவர்கள், உறவால் பிணைந்த வீரர்கள், நெடிய முற்றுகைகள் என வேறொரு சித்திரம் தோன்றும்.

மற்றொரு சிறப்பும் கவனிக்கத்தக்கது. காப்பியம் முடிவை அறிந்தே தொடங்குகிறது. துட்டகைமுனு வெல்வான் என்பது அவன் பிறப்புக்கு முன்பே குறிக்கப்பட்டுவிடுகிறது. விளையாட்டிலோ எல்லாளன் தரப்பில் அமர்பவரும் வெல்ல முயல்வார். முயல அவருக்கு உரிமையுண்டு. எதிரியின் இடத்தில் நின்று அவனது நிலத்தையும் அச்சத்தையும் வாய்ப்பையும் எண்ணிப் பார்க்கும் கட்டாயத்தை இது தருகிறது. எல்லாளனின் நீதியைப் போற்றி, அவன் வீழ்ந்த இடத்தில் வெற்றியாளனே வணக்கம் செலுத்தச் செய்தான் எனக் கூறும் மகாவம்சத்திலும் இப்பண்பின் சாயல் உண்டு. ஆனால் அதே நூல், மாண்டோரை எண்ணி வருந்திய மன்னனிடம், உண்மையில் இறந்த மனிதர் ஒன்றரைப் பேரே என அருகதர் கூறித் தேற்றியதாகவும் எழுதுகிறது. மேசையில் வீழ்ந்த உருவம் ஒவ்வொன்றும் ஒன்றாகவே எண்ணப்படும். எவரையும் எவரும் அரையாகக் குறைப்பதில்லை. இவ்வளவில் விளையாட்டின் கணக்கு காப்பியத்தின் கணக்கைவிட நேர்மையானது.

3. இரு நிறங்களில் அடங்காத படைகள்

இனி விளையாட்டின் குறைபாட்டுக்கு வருவோம். மேசையில் இரு தரப்பினர் இரு நிறங்களில் நிற்கின்றனர். படைப் பட்டியல்கள் பெரும்பாலும் இனப்பெயராலும் அரசமரபின் பெயராலுமே தலைப்பிடப்படுகின்றன. இவ்வமைப்பு திருகோணமலைப் பிரதேசத்தின் சான்றுகளின்முன் நிலைக்குமா என்பது ஆராயற்பாலது.

முதற் சான்று கந்தளாயை அடுத்த பாலமோட்டையிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு. முதலாம் விசயபாகுவின் பெயரால் விசயராச ஈசுவரம் என வழங்கிய சிவன் கோயிலுக்குப் பிராமணப் பெண்ணொருத்தி அளித்த அறக்கொடையை அது பதிவு செய்கிறது. அவ்வறத்தைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. சோழரை வெளியேற்றிப் பொலன்னறுவையைக் கைப்பற்றியவன் விசயபாகு. அவனது பெயரைத் தாங்கிய சிவன் கோயிலைத் தமிழ்ப் படையினர் காத்தனர். பொலன்னறுவையிலோ புத்தரின் தந்த தாதுக் கோயிலையும் அவர்களே காத்தனர் என்பதை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு கூறுகிறது. இப்படையினரே, சோழருக்கெதிராகப் போருக்குச் செல்லுமாறு விசயபாகு பணித்தபோது செல்ல மறுத்து, தளபதியர் இருவரைக் கொன்று அரண்மனையை எரித்தனர் எனச் சூளவம்சம் கூறுகிறது. கிளர்ச்சி அடக்கப்பட்டது. எனினும் தாதுக் கோயிலின் காவல் பின்னரும் அவர்களிடமே விடப்பட்டது.

வேளைக்காரருக்கு எந்நிறம் தீட்டுவது? சோழர் தரப்பின் நிறமா, சிங்கள அரசின் நிறமா? கட்டளையை மீறும் படைக்கூறுக்குச் சில விதிநூல்களில் இடமுண்டு. பகடையில் தாழ்ந்த எண் விழுந்தால் அது நகராது. வேளைக்காரரின் மறுப்போ பகடையின் விளைவன்று. எப்போருக்குச் செல்வது, எதற்குச் செல்லாதிருப்பது என்று தேர்ந்துகொள்ளும் ஒரு சமூகக் குழுவின் முடிவு அது. ஊதியம், குலவொழுக்கம், வணிகக் கணங்களுடனான உறவு, கோயிற் பொறுப்பு ஆகிய யாவும் அம்முடிவிற் கலந்துள்ளன. அவற்றைத் தற்செயலாக மாற்றிவிடும் விதி வரலாற்றை விளக்குவதாகாது.

இரண்டாஞ் சான்று பதின்மூன்றாம் நூற்றாண்டினது. மலாயத் தீபகற்பத்துத் தாம்பரலிங்க நாட்டின் மன்னனான சந்திரபானு 1247ஐ ஒட்டி முதன்முறை ஈழத்தின்மீது படையெடுத்தான். அவன் பௌத்தன், எதிர்த்து நின்ற தம்பதெனிய அரசன் இரண்டாம் பராக்கிரமபாகுவும் பௌத்தன். மறுமுறை சந்திரபானு வந்தபோது பாண்டி நாட்டிலும் சோழ நாட்டிலும் திரட்டிய தமிழ்ப் போராளர் அவனுடன் இருந்தனர். பதவியா, குருந்தி முதலிய பகுதிகளில் வாழ்ந்த சிங்களவரையும் அவன் தன்பால் ஈர்த்துக்கொண்டான் என்கிறது சூளவம்சம். இப்பகுதிகள் திருகோணமலைக்கு வடக்கும் வடமேற்குமாக அமைந்தவை. யாப்பகூவாவில் நிகழ்ந்த போரில் அவன் தோற்றோடினான் என்றும், வெற்றி விசயபாகு, வீரபாகு என்போருக்கு உரியது என்றும் அந்நூல் கூறுகிறது. பாண்டியரின் பங்கைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள குடுமியான்மலைக் கல்வெட்டோ வேறொரு வெற்றியாளனை முன்வைக்கிறது. சடையவர்மன் வீரபாண்டியன் சாவகனின் முடியையும் முடிபுனைந்த தலையையும் கவர்ந்தான். கோணமலையிலும் திரிகூடகிரியிலும் இணைக்கயற் கொடியை நிறுவினான். பணிந்துவந்த சாவகன் மைந்தனை மீண்டும் ஆட்சியில் அமர்த்தினான் என்பது அதன் செய்தி. 1263ஐ ஒட்டிய இந்நிகழ்ச்சியும் யாப்பகூவாப் போரும் ஒன்றா, அடுத்தடுத்தவையா என்பதில் அறிஞரிடையே ஒருமைப்பாடில்லை. பிரெடரிக் கோட்டையின் வாயிலில் இன்றும் காணப்படும் கயலுருவங்களைப் பாண்டியரின் இலச்சினை என ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அதன் கற்களைக் கொண்டே 1624ஐ ஒட்டி அக்கோட்டையைக் கட்டினர். ஒரு வெற்றியின் சின்னம் மற்றொரு வெற்றியின் கட்டடக் கல்லாயிற்று.

இப்போரை இரு நிறங்களில் ஆட முயல்வோர் திகைப்பர். பௌத்தன் பௌத்தனோடும், தமிழர் தமிழரோடும், சிங்களவர் சிங்களவரோடும் பொருத களம் இது. தோற்றவன் மகன் வென்றவன் கையாலேயே முடி பெறுகிறான். இனம், மொழி, சமயம் என்ற மூன்று அளவுகோல்களுள் எதனை எடுத்தாலும் தரப்புகள் பிரிவதில்லை. அரச நலன், வாணிகத் துறைகளின் கட்டுப்பாடு, படைக்கூலி என்பவற்றை எடுக்கும்போதே பிரிகின்றன. விளையாட்டின் இரு நிற அமைப்பு இங்குத் தோல்வியுறுகிறது. அத்தோல்வியே கற்பவர்க்குப் பெரிய பாடமாகின்றது; உருவங்களுக்கு நிறந்தீட்டத் தூரிகையை எடுத்தபின்னரே, எந்நிறம் என்ற வினாவுக்கு விடை இல்லை என்பது தெரிகிறது.

4. விளையாட்டு நிற்கும் எல்லை

மேசை விளையாட்டு மாலைக்குள் முடிந்துவிடும். ஒரு தரப்பு குறித்த எண்ணிக்கையான கூறுகளை இழந்ததும் வெற்றி அறிவிக்கப்படுகிறது. போர் அங்கு முடிவதில்லை என்பதைத் தமிழ்ப் புறத்திணை மரபு நன்கு அறிந்திருந்தது.

புறத்திணையும் ஒருவகை விதித்தொகுதியே. வெட்சியில் ஆநிரை கவர்தல், வஞ்சியில் மண் கருதிச் செல்லுதல், உழிஞையில் அரண் முற்றுதல், தும்பையில் எதிர்நின்று பொருதல், வாகையில் வெற்றி எனப் போரின் கட்டங்களைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. புறப்பொருள் வெண்பாமாலை இதனைப் பன்னிரண்டாக விரித்து, கவர்தலுக்கு மீட்டலையும் முற்றுதலுக்குக் காத்தலையும் எதிர்நிலைத் திணைகளாக நிறுத்துகிறது. இது மேசையின் இரு தரப்பு அமைப்பை ஒத்தது. ஆனால் விதிநூல்கள் காணாதவற்றையும் புறத்திணை கண்டது. பகைவர் நாட்டில் தீ பரவுதல் வஞ்சியின் ஒரு துறை. கணவனை இழந்தவளின் நோன்புநிலையும், வழியிடை அவனை இழந்து தனித்தவளின் புலம்பலும் காஞ்சியில் தனித் துறைகள். தலைவனை இழந்தோரின் கையறுநிலைக்கும் இடமுண்டு. வீரயுகத்தின் புகழ்ச்சியைப் பாடிய புலவரே அதன் விலையையும் துறையாக வகுத்தனர். பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆங்கில ஆய்வு, இப்பாடல்களை அவை தோன்றிய சமூகத்தோடு இணைத்து நோக்கும் வழியைக் காட்டியது. அவ்வழியிற் செல்பவர்க்குக் காஞ்சித் துறைகள் வெறும் இலக்கண மரபாகத் தோன்றா. போர் முடிந்தபின் எஞ்சிய மக்களின் நிலை பற்றிய சான்றாகவே தோன்றும்.

ஒப்பீட்டுக்கு மேனாட்டு விளையாட்டொன்றைக் கொள்வோம். 2008இல் அமெரிக்காவில் வெளியான சந்திரகுப்தா என்னும் பலகை விளையாட்டு மௌரியர் காலப் போர்களை அறுகோணக் கட்டங்களின்மீது அமைக்கிறது, கி.மு. 261இன் கலிங்கப் போரும் அதில் அடங்கும். யானைகளும் தேர்களும் வில்லாளரும் மிகுந்த உழைப்புடன் வகுக்கப்பட்டுள்ளனர். ஆனால் கலிங்கப் போர் பற்றிய தலையாய மூலம் அசோகனின் பதின்மூன்றாம் பாறைச் சாசனமே. அது அணிவகுப்பைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. 150,000 பேர் பெயர்த்துச் செல்லப்பட்டனர், 100,000 பேர் கொல்லப்பட்டனர், அதன் பன்மடங்கினர் மடிந்தனர் என்று கூறுகிறது. உற்றார் துன்புறுவதைக் கண்டு தாம் துன்புற்றோரையும் அது கணக்கிற் சேர்க்கிறது. தன் புதிய அறவெற்றி சோழர், பாண்டியர், தாம்பரபர்ணி வரை சென்றதென உரிமை கோருவதும் அதே சாசனந்தான். ஆயினும் கலிங்க நாட்டிலுள்ள தௌலி, ஜௌகடப் பாறைகளில் அச்சாசனத்தை அசோகன் பொறிக்கவில்லை. மூலம் எதைப் பேசுகிறதோ அதனை விளையாட்டு விட்டுவிடுகிறது. மூலம் எதைப் பேசவில்லையோ அதனையே நிரப்புகிறது. இவ்வகை விளையாட்டு முழுவதற்கும் பொருந்தும் வரம்பு இது.

திருகோணமலைப் பிரதேசத்தில் இவ்வரம்பு நூலாய்வோடு நின்றுவிடுவதன்று. கந்தளாய்க் குளமும் மகாவலியின் கிளைகளும் இங்குள்ள வாழ்வின் அடித்தளம். 2006 யூலையில் மாவிலாற்று அணையின் கதவுகளைத் தமிழீழ விடுதலைப் புலிகள் மூடியதையும், அதனைத் தொடர்ந்த அரச படைகளின் தாக்குதலையும் ஒட்டியே இறுதிக்கட்டப் போர் மூண்டது. அடுத்த மாதம் மூதூரின் முஸ்லிம்களும் தமிழரும் வீடுகளை விட்டோடினர். அந்நகரில் நிவாரணப் பணியாளர் பதினேழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நீரும் நெல்லும் ஓடும் மக்களும் எந்த மேசையிலும் உருவங்களாக வைக்கப்படுவதில்லை. ஆனால் போர் அவர்களிடத்தேதான் தொடங்கியது, அவர்கள்மீதே விழுந்தது.

5. நடுவரின் கை

மேசைப் போருக்கும் மெய்ப்போருக்கும் இடையே திருகோணமலைக்கு நேரடித் தொடர்பும் உண்டு. 1942 பெப்ரவரியில் யப்பானியக் கூட்டுக் கடற்படை தன் தலைமைக் கப்பலான யமாட்டோவில் இந்து சமுத்திர நடவடிக்கைகளைப் போர் விளையாட்டாக ஆடிப் பார்த்தது. இலங்கையைக் கைப்பற்றுவது அதன் திட்டங்களுள் ஒன்று. தரைப்படையினர் இணங்காமையால் அத்திட்டம் திடீர்த் தாக்குதலாகச் சுருங்கியது. ஏப்பிரல் 5ஆந் திகதி கொழும்பும் 9ஆந் திகதி திருகோணமலையும் தாக்குண்டன. சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கியொன்று எரிந்தது. துறைமுகத்திலிருந்து முன்னரே வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது; அதிலிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அதே கடற்படை அதே ஆண்டு மே மாதத்தில் மிட்வே நடவடிக்கையை மேசையில் ஆடியபோது நிகழ்ந்தது மேலும் படிப்பினைக்குரியது. பகடையின்படி யப்பானிய விமானந்தாங்கிகள் இரண்டு மூழ்கின. நடுவராயிருந்த உயரதிகாரி, விழுந்த குண்டுகள் ஒன்பதை மூன்றாகக் குறைத்துத் தீர்ப்பை மாற்றினார் என அந்நடவடிக்கையிற் பங்குகொண்ட யப்பானிய அதிகாரிகளே பின்னர் எழுதினர். யூனில் மெய்க்களத்தில் நான்கு கப்பல்கள் மூழ்கின. விதியும் பகடையும் கூறிய உண்மையை, முடிவை முன்னரே விரும்பிய நடுவர் ஏற்க மறுத்தார்.

நமது பண்டைப் போர்களின் நடுவர் யார்? இலங்கைத் தரைப்படையின் படையணிகள் கைமுனு, கஜபா, விஜயபாகு எனப் பண்டை மன்னரின் பெயர்களைத் தாங்கியுள்ளன. 2007 ஒக்ரோபரில் அநுராதபுர விமானத்தளத்தின்மீது புலிகள் நடத்திய தாக்குதல் எல்லாளன் நடவடிக்கை எனப் பெயர் பெற்றது. இரு தரப்பினரும் ஒரே காப்பியத்தைத் திறந்து, அவரவர்க்குரிய பக்கத்திற் பெயர் தேடினர். ஆறு நூற்றாண்டுகளின் பின் எழுதப்பட்ட காதை, இருபது நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட பின்னர் கட்டளைப் பெயராயிற்று. இப்பெயர்களின்கீழ் உயிரிழந்த இளைஞர் எவரும், எல்லாளனின் சேனாபதியின் மருமகன் எதிர்த்தரப்பில் நின்றான் என்பதையோ, சிவன் கோயிலையும் தந்த தாதுவையும் ஒரே படையினர் காத்தனர் என்பதையோ பாடமாகப் பெற்றிருக்க வாய்ப்பில்லை. பள்ளி வரலாறு அவற்றைக் கற்பிக்கவில்லை. இனப்பெருமை பேசிய மேடைகள் அவற்றை மறைத்தன. முடிவை முன்னரே விரும்பிய நடுவர்கள் இரு மொழியிலும் இருந்தனர்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று துணிபுகள் பெறப்படும். முதலாவது, பண்டைப் போர் விளையாட்டு மூலங்களை நெருக்கி வினவும் ஒரு வாசிப்புமுறை. காப்பியம் மறைக்கும் இடைவெளிகளை அது வெளிக்கொணரும். எதிரியின் இடத்தில் அமரச் செய்யும். இரண்டாவது, அதன் இரு நிற அமைப்பு ஈழத்துப் பண்டைச் சமூகத்தின் இயல்புக்கு ஒவ்வாதது. வேளைக்காரரும் சந்திரபானுவின் படையும் அதனை மறுக்கும் சான்றுகள். மூன்றாவது, போரின் விலை அதன் எல்லைக்குள் அடங்குவதில்லை. அவ்விலையைப் புறத்திணையின் காஞ்சித் துறைகளும் அசோகனின் சாசனமுமே கூறுகின்றன.

ஆதலின் இதனைப் பல்கலைக்கழக வகுப்பறைக்குக் கொண்டுவருவது பயனுடையது என்பதே எமது கருத்து. ஆயின் சில மாற்றங்கள் வேண்டும். சந்திரபானுவின் போர் அதற்கு ஏற்றதொரு தொடக்கமாகும். சூளவம்சத்தின் பகுதியும் குடுமியான்மலைக் கல்வெட்டும் இரு மொழியிலும் மாணவரிடம் அருகருகே வைக்கப்படல் வேண்டும். ஒவ்வொரு மூலத்தின்படியும் ஒருமுறையாக இருமுறை ஆடி, இரண்டும் எங்கு ஒவ்வாதுள்ளன என்பதை அவர்கள் குறித்தல் வேண்டும். தமிழ், சிங்கள, முஸ்லிம் மாணவர் ஒவ்வொரு முறையும் தரப்பு மாறி அமர்தல் வேண்டும். உருவங்கள் நிறமின்றி இருத்தல் வேண்டும். ஒவ்வொன்றின் அடியிலும் அப்படையினர் யார், எங்கிருந்து வந்தனர், எதற்காக வந்தனர், எச்சான்றால் அறிகிறோம் என்பன எழுதப்படல் வேண்டும். சான்றில்லாத இடம் வெற்றிடமாகவே விடப்படல் வேண்டும். மேசையின் ஓரத்தில் மூன்றாவது ஏடொன்றும் இருக்கட்டும். படைகள் கடந்த ஊர்களும் குளங்களும், எரிந்த வயல்களும், பெயர்ந்த குடிகளும் அதிற் பதியப்படல் வேண்டும். வெற்றி எது என்பதை இறுதியில் அவ்வேட்டையும் வாசித்த பின்னரே மாணவர் கூறுவாராக.

இது பெருஞ்செலவு வேண்டும் முயற்சியன்று. அட்டையும் கத்தரிக்கோலும் பகடையும், இரு மொழியிலும் அமைந்த மூலங்களும், அவற்றை ஒருங்கே கற்க உடன்படும் ஆசிரியர் இருவரும் போதும். அவ்வுடன்பாடே இன்று அரிதாயுள்ளது. அதனை ஏற்படுத்துவது திருகோணமலையிலும் ஏனைய இடங்களிலும் உள்ள பல்கலைக்கழகத் தமிழ், சிங்கள, வரலாற்றுத் துறைகளின் கடமையாகும்.